நாடிக் கருவி முதல் கைக்கடிகாரம் வரை: பார்க்கின்சன் நோயை அளந்த வரலாறு

லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியின் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதம் பற்றி எழுதிய சிறுநூலில் ஆறு நோயாளிகள் வருகிறார்கள். இருவரை அவர் தெருவில் தற்செயலாகக் கண்டு பேசினார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அந்த அளவுக்கு இது தெருவில் நடையைப் பார்த்தே அடையாளம் கண்ட நோய். பிறகு அதைப் பார்க்கும் இடம் மருத்துவமனைக்குள் போயிற்று. நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. மணிக்கட்டுக் கருவியும் கைபேசியும் அதை மறுபடி வீட்டுக்கும் வீதிக்கும் கொண்டுவந்த வழி இங்கே ஆராயப்படுகிறது.

முதல் கருவி நாம் நினைப்பதைவிடப் பழையது. பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ, நாடித்துடிப்பைத் தாளில் வரையும் கருவியை நோயாளியின் மணிக்கட்டில் கட்டி நடுக்கத்தைப் பதிவு செய்தார். கை ஓய்ந்திருக்கும்போதே வரும் நடுக்கத்தையும், ஒன்றை எடுக்கக் கை நீட்டும்போது வரும் நடுக்கத்தையும் அந்தக் கோடுகள் பிரித்துக் காட்டின. முன்னது பார்க்கின்சன் நோய். பின்னது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை நிலைநிறுத்தியவரும் ஷார்கோதான். இன்றைய கைக்கடிகாரமும் நாடியையும் நடுக்கத்தையும் அதே மணிக்கட்டில்தான் பார்க்கிறது.

நாள் முழுக்க அளக்க வேண்டிய தேவை மருந்தால் வந்தது. 1967-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்ஸியாஸ், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை மெல்ல மெல்லக் கூட்டி அதிக அளவில் கொடுத்துக் கண்ட பலன் சிகிச்சையையே மாற்றியது. ஆனால் இந்த மருந்து இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். டோபமைனைச் சேர்த்துவைக்கும் நரம்பணுக்கள் குறையக் குறைய, ஒவ்வொரு மாத்திரையின் பலனும் சுருங்கிக்கொண்டே வரும். பத்து மணிக்குச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டவர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருப்பார். மருந்து பிடித்திருக்கும் நேரத்தை 'ஆன்' என்றும், விட்ட நேரத்தை 'ஆஃப்' என்றும் மருத்துவர்கள் குறித்தார்கள். மருந்து மிஞ்சினால் உடல் தன்னிச்சையாக நெளியும், அது டிஸ்கைனீசியா.

1987-இல் வந்த யு.பி.டி.ஆர்.எஸ். மதிப்பீடு விரல் தட்டல், நடை, விறைப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தந்தது. உலகம் முழுக்க மருத்துவர்களுக்குப் பொதுமொழியான அளவுகோல் அது. ஆனாலும் பதினொரு மணிக்குப் போட்ட மதிப்பெண் பதினொரு மணியைப் பற்றி மட்டுமே பேசும். அந்த இடைவெளியை நிரப்ப 2000-இல் ராபர்ட் ஹவுசர் குழு ஒரு நாட்குறிப்பை வடிவமைத்தது: அரை மணிக்கு ஒரு கட்டம், உறக்கம் உட்பட ஐந்து நிலைகளில் ஒன்றில் குறியிட வேண்டும். நோயாளிமீது இது அநியாயச் சுமை என்பது என் கருத்து. எழுத எழுத எழுத்து சிறுத்துப்போகும் நோய் இது; 'ஆஃப்' நேரத்தில் பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடு. மறந்த கட்டங்களை மாலையில் நினைவிலிருந்து நிரப்பினால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

மெல்போர்னின் ஃபிளோரி நிறுவனத்தில் மால்கம் ஹார்னும் ராபர்ட் கிரிஃபித்ஸும் உருவாக்கிய கைனெட்டிகிராஃப் இதற்கு நேரடி விடையாக வந்தது. ஆய்வு 2012-இல் வெளியானது. 2014-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது. உள்ளே முடுக்கமானி கொண்ட மணிக்கட்டுக் கருவி அது. சில நாட்கள் தொடர்ந்து அணிய வேண்டும். மாத்திரை நேரம் வந்ததும் அதிரும். விழுங்கியவர் விரலை அதன்மேல் வைத்து அதைப் பதிவு செய்வார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அசைவின் மந்தத்துக்கும் மிகைக்கும் தனித்தனி மதிப்பெண் விழும். அறிக்கையில் ஒரு நாளின் ஏற்ற இறக்கமும் மாத்திரை நேரங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். மாத்திரைக்குப் பின் மந்தம் எப்போது குறைகிறது, எப்போது திரும்புகிறது என்பதை மருத்துவர் கண்ணால் பார்க்கலாம். "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிப் பழகியவரின் பகல்பொழுதை இந்தக் கோடு மறைக்காமல் சொல்லிவிடும்.

2015 மார்ச்சில் சேஜ் பயோநெட்வொர்க்ஸ், ஆப்பிளின் ரிசர்ச்கிட் மென்பொருள் வழியாக, இந்த நோயைக் கைபேசியில் அளக்கும் எம்பவர் செயலியை வெளியிட்டது. திரையில் விரல் தட்டுவது, 'ஆ' என்று நீட்டிச் சொல்வது, சட்டைப்பையில் கைபேசியோடு நடப்பது, ஒரு நினைவுச் சோதனை: இவ்வளவுதான். தரவைப் பரவலாகப் பகிரச் சம்மதித்தவர்கள் 9,520 பேர், பெரும்பாலோர் தொடரவில்லை. தினமும் தன் நோயைத் தானே சோதித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? தானாகவே அளக்கும் கருவியின் பக்கம் ஆய்வாளர்கள் சாய்ந்ததற்கு இந்தச் சோர்வும் ஒரு காரணம். 2021-இல் ஆப்பிள் ஆய்வாளர்கள் 343 நோயாளிகளிடம், ஓய்வு நடுக்கத்தையும் டிஸ்கைனீசியாவையும் கைக்கடிகாரம் பின்னணியிலேயே கணிப்பதைக் காட்டினார்கள். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு நான்கு முதல் ஆறு அலைவு. பல் துலக்கும் கையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஆடும் என்பதால், இரண்டையும் பிரிப்பது எளிய கணக்கல்ல.

தொலைவிலிருந்து பார்ப்பதன் பலனை 2017-இல் ஒரு அமெரிக்க ஆய்வு எண்ணிக் காட்டியது: 195 நோயாளிகள், வீட்டிலிருந்தே வீடியோவில் ஒருமுறை நிபுணரைப் பார்த்தால் 88 நிமிடமும் 38 மைல் பயணமும் மிச்சம். வாழ்க்கைத்தரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மூட்டை மடக்கி விறைப்பை உணர்வதும், பின்னால் நின்று தோளை இழுத்துத் தடுமாறுகிறாரா என்று பார்ப்பதும் இன்னும் நேரில் மட்டுமே முடிகிற காரியங்கள்.

கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் இந்த அளவீட்டை வேறொரு திசைக்குக் கொண்டுபோனது. யு.கே. பயோபேங்க் திட்டத்தில் ஒரு வாரம் மணிக்கட்டுப் பட்டை அணிந்த 1,03,712 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பின்னாளில் நோய் வந்தவர்களுக்கு, அது கண்டறியப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் வரை முன்பே அசைவு குறைந்திருந்தது தெரிந்தது. பட்டையை அணிந்தபோது அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை. நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வராத நிலையில், அப்படி ஒருவரை அழைத்து என்ன சொல்வது, யார் சொல்வது என்பதற்கு எந்த மதிப்பெண் அட்டவணையிலும் இடமில்லை.