விலக்குப் பொருள் உணர்த்தும் சொற்கள்: தவிர, ஒழிய, நீங்கலாக

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘எக்செப்ட்’ என்னும் முன்னிடைச்சொல், ஒரு தொகுதியிலிருந்து ஒன்றை விலக்குதலைக் குறிக்கும். ‘வெளியே எடுக்கப்பட்ட’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடிச் சொல்லிலிருந்து வந்த இது, பெயருக்கு முன் நிற்கும். தமிழில் தவிர, ஒழிய, நீங்கலாக என்பன பெயருக்குப் பின் நின்று இப்பொருளைத் தருகின்றன. மூன்றும் வினையடியாகப் பிறந்தவையே. எனினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று எப்போதும் பொருந்துவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கல்வெட்டு வழக்கு

முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் மொத்த நிலத்தைக் கூறி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களை ‘நீக்கி’, எஞ்சிய நிலத்திற்கே இறை கணக்கிடுகின்றன. இங்கு விலக்கு என்பது கழித்தல் கணக்கேயாகும். இதன் தன்வினையான ‘நீங்கு’ என்பதிலிருந்து தோன்றிய ‘நீங்கலாக’ அத்தெளிவை இன்றும் காத்து நிற்கிறது.

இரு மொழி வழக்கு

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரத்தில் இச்சொற்களின் போக்கை ஒப்பிட்டறியலாம். மலையாளம் ‘ஒழிகெ’ என்பதைப் பொது வழக்காகக் கொண்டுள்ளது. அதே அடியில் பிறந்த தமிழ் ‘ஒழிய’ பெயரோடு வருதல் அருகி, ‘வந்தாலொழிய’ போன்ற நிபந்தனைத் தொடர்களில் நிலைத்துவிட்டது. அதன் இடத்தைப் பெரிதும் ‘தவிர’ பெற்றது. ஆனால் ‘தவிர’ இருபொருள் உடையது. ‘கண்ணனைத் தவிர அனைவரும் வந்தனர்’ என்பதில் கண்ணன் வரவில்லை. ‘கண்ணனைத் தவிர முருகனும் வந்தான்’ என்பதில் இருவரும் வந்தனர்.

சட்ட வழக்கு

இவ்வேறுபாடு எல்லைகளையே மாற்றவல்லது. 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்ட பகுதிகள் நீங்கலான திருவிதாங்கூர்-கொச்சி, இலட்சத் தீவுகளும் மினிக்காயும் நீங்கலான மலபார் மாவட்டம், காசர்கோடு வட்டம் ஆகியவற்றைக் கேரளமாக வகுத்தது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவனந்தபுர மாவட்டத்திலிருந்து பிரிந்தன. இப்பிரிவைத் தமிழாக்குவோர், ‘தீவுகளைத் தவிர மலபாரும் காசர்கோடும் சேர்ந்தன’ என எழுதினால், தீவுகளும் கேரளத்தில் சேர்ந்தன என்று பொருள்கொள்ள இடமுண்டு. ‘தீவுகள் நீங்கலாக’ என்பதில் அவ்வையத்திற்கு இடமில்லை.

முடிவுரை

எனவே ‘எக்செப்ட்’ என்பதற்குத் ‘தவிர’ என ஒரு சொல்லை மட்டும் தருவது போதாது. அதன் விலக்குப் பொருளையும் கூட்டல் பொருளையும் இருமொழி அகராதிகள் பிரித்துக் காட்டுதல் வேண்டும். சட்ட மொழிபெயர்ப்பில் ‘நீங்கலாக’ என்பதே ஏற்புடையது. நிலம் அளந்த கல்வெட்டு மொழியின் வழிவந்த சொல் எல்லை வகுக்கும் சட்ட மொழிக்கும் பொருந்துவது இயல்பே.