நம்பரைக் கேட்காதே!

சமையலுக்கு ஆள் எடுக்கிறீர்கள். 'எத்தனை வருஷ அனுபவம்?' என்று கேட்கலாம். 'எங்கே, ஒரு ரசம் வையுங்கள் பார்ப்போம்' என்றும் சொல்லலாம். எது உத்தமம்? கம்ப்யூட்டர்காரர்கள் இந்தக் கேள்வியோடு முப்பது வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள்.

எண்பதுகளில் யூனிக்ஸ் ஒன்றல்ல, பல. ஒன்றில் இருக்கும் வசதி மற்றதில் இருக்காது. ஒரு புரோகிராமை உங்கள் மெஷினில் ஏற்ற வேண்டுமானால், 'இது இருக்கு, அது இல்லை' என்று நீங்களே அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். 1991 ஜூனில் குனு கருவிகள் பலவற்றைப் பராமரித்துவந்தவர் டேவிட் மெக்கென்ஸி. அவற்றில் இப்படிக் குறிக்க வேண்டியவை சுமார் இருபதாகிவிட்டன. போதுமடா சாமி என்று, அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார். அதுவே வளர்ந்து, 1992 ஜூலையில் 'ஆட்டோகான்ஃப்' 1.0 ஆயிற்று.

சூட்சுமம் எளிது. 'நீ எந்த யூனிக்ஸ், என்ன நம்பர்?' என்று விசாரிப்பதைவிட, வேண்டிய ஃபங்ஷனை அழைக்கும் சின்னஞ்சிறு புரோகிராம் ஒன்றை அங்கேயே கம்பைல் செய்து, லைப்ரரியோடு இணைத்துப் பார். இணைந்தால் இருக்கு; இல்லாவிட்டால் இல்லை. ரசம் வைக்கச் சொல்கிற கதைதான்.

ஆனால், நம்பர் பார்ப்பது ஒரே வரியில் முடிகிற காரியம். ஆகவே பழக்கம் போகவில்லை. அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள்.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை அம்பலமாயிற்று. இணையத்தில் நம் பாஸ்வேர்டுகள் போகும் பாதையைப் பூட்டுகிற லைப்ரரி அது. வெறுத்துப்போன ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதை நகலெடுத்து, சுத்தம் செய்து, 'லிப்ரெஎஸ்எஸ்எல்' என்று தனிக்குடித்தனம் போனார்கள். தாய் அப்போது 1.0.1. பிள்ளையோ தன் நம்பர் 2.0 என்றது!

2016 ஆகஸ்டில் தாய் 1.1.0 ஆனது, புதிய ஃபங்ஷன்களோடு. மற்ற புரோகிராம் எழுதுகிறவர்கள் பலர் '1.1-ம் அதற்கு மேலும் என்றால் புது வழி' என்று எழுதிவைத்தார்கள். லிப்ரெ வந்து '2.0' என்றது. பெரிய நம்பராச்சே! நம்பினார்கள். அந்த ஃபங்ஷன்கள் அதில் இல்லை. கம்பைல் படுத்துவிட்டது.

சரி, 'லிப்ரெ என்றால் பழைய வழி' என்று ஒட்டுப் போட்டார்கள். 2018-ல் லிப்ரெ 2.7 அந்த ஃபங்ஷன்களில் பலவற்றைச் சேர்த்துக்கொண்டது. இல்லாத குறைக்குத் தாங்களே அதே பெயரில் ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தவர்களுக்கு இப்போது பெயரும் பெயரும் மோதின. மறுபடி படுத்தது. பாதுகாப்பான பூட்டு வேண்டுமென்று தேடிப் போனவர்தான் இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டார்.

'இந்த ஃபங்ஷன் இருக்கா?' என்று கேட்டிருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது.

நம்பர் அடியோடு வீண் என்றும் சொல்ல முடியாது. ஃபங்ஷன் இருக்கும், குறிப்பிட்ட ஒரு வெர்ஷனில் மட்டும் கோளாறு செய்யும். ரசம் வைத்தார், உப்புப் போடவில்லை என்கிற மாதிரி. அங்கே நம்பரும் உதவும்.

மற்றபடி, யாராவது 'லேட்டஸ்ட் வெர்ஷனாக்கும்' என்று பெருமையடித்தால், 'சந்தோஷம், என்ன செய்யும்?' என்று கேளுங்கள்.