தமிழ்நாட்டில் பருவமழை வெள்ள முன்னெச்சரிக்கை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை; ஒரு தாழ்வு மண்டலம் கரையை நெருங்கினால் ஒரு மாத மழை ஓரிரவில் கொட்டிவிடும். ஆகவே இங்கு வெள்ள எச்சரிக்கை மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை.

பழைய ஏற்பாடு ஏரியைச் சுற்றியே இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். தண்ணீரைக் கூடுதலாகத் தேக்க, கற்களின் இடைவெளியைப் பலகையும் களிமண்ணும் கொண்டு அடைப்பார்கள். பெருமழை வந்தால் அடைப்பை எடுத்துவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் கரை உடையும். நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் வேறு பெயர் பெற்ற நீர்க்காவலர்கள் கரையிலேயே நின்று நீர்மட்டத்தைக் கவனித்தார்கள். கரை அரிக்கத் தொடங்கினால் தண்டோரா போட்டு ஊரைத் திரட்டுவார்கள். 1858இல் சென்னை மாகாணத்துக்கென வந்த சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. உடைப்பை அடைக்க வர மறுப்பது தண்டனைக்குரியதானது. இந்த ஏற்பாட்டைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடக் கூடாது: கரையில் கண்விழித்தவரும் பறையடித்தவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்டோரா முறைக்கு அரசு 2022இல்தான் தடை விதித்தது.

இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் பயன்பட்டன. ஆற்றங்கரைக் குடியிருப்புக்கு அவை எதையும் சொல்லவில்லை. நாட்டில் முறையான ஆற்று வெள்ள முன்னறிவிப்பு 1958இல் தில்லியில் யமுனைக்காகத் தொடங்கியது. அதற்குப் பிறகும், 1977 நவம்பரில் காவிரியும் கோரையாறும் பெருகித் திருச்சி மூழ்கியது. 2002இல் சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. சுனாமிக்குப் பின் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது.

2015 டிசம்பர் 1 இந்த வரலாற்றின் திருப்புமுனை. அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் பாய்ந்தது. பலருக்கு வீட்டுக்குள் புகுந்த தண்ணீரே முதல் எச்சரிக்கையாக இருந்தது. மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று தணிக்கைத் துறை 2018இல் தாக்கலான அறிக்கையில் கூறியது. அதன்பின் டிஎன்-ஸ்மார்ட், டிஎன்-அலர்ட் செயலிகளும், சென்னையில் எந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கும் என்று கணிக்கும் சி-ஃப்ளோஸ் அமைப்பும் வந்தன. தாழ்வான இடங்கள் பட்டியலிடப்பட்டு, உள்ளூர் மக்களே முதல்நிலை மீட்பாளர்களாகப் பயிற்சி பெற்றனர்.

ஆனாலும் எச்சரிக்கைக்கும் மக்களுக்கும் இடையிலான இடைவெளி அடைபடவில்லை. 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை. முன்னறிவிப்பில் அதற்கு மேல் வேறு படிநிலை கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 செ.மீ.யும் அதே வகைக்குள்தான் வந்தது. ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மக்களுக்குத் தேவைப்பட்டது சிவப்பு எச்சரிக்கை மட்டுமல்ல. தாமிரபரணி எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வரை ஏறும் என்ற செய்தி. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. படிப்படியாக எச்சரித்ததாக அரசு கூறியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களை அந்த எச்சரிக்கை எட்டவில்லை என்று கரையோர மக்கள் குமுறினர்.

மழையை அளப்பதில் தமிழ்நாடு வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. அணை திறக்கும் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுசேர்ப்பதில் அந்த வேகம் இல்லை. ஒலிபெருக்கி வண்டியும், வீடு வீடாகக் கதவு தட்டும் உள்ளூர்க் குழுவும் செயலி எட்டாதபோது பயன்படும் மாற்றாகவே இன்றும் நினைக்கப்படுகின்றன. செயலியைப் போலவே அவற்றுக்கும் நிதியும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும்.

வெள்ள உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.