ஆண்டவன்: ஓர் இறந்தகாலப் பெயர்

நிலவழக்கில் தோற்றவர் நீதிமன்றப் படியிறங்கும்போது "ஆண்டவன் இருக்கான்" என்கிறார். அழுகையும் சூளுரையும் கலந்த அந்த இரண்டு சொற்களில் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. இருக்கிறான் என்பது நிகழ்காலம். ஆண்டவன் என்பதோ முடிந்துபோன காலம். நாட்டை ஆண்டவன் என்று ஒரு மன்னனைச் சொன்னால் அவன் இன்று ஆளவில்லை என்றே பொருள். எந்நாளும் ஆள்பவன் என்று நாம் நம்பும் ஒருவனுக்கு ஆள்பவன் என்றோ ஆள்வான் என்றோ பெயரிடாமல், இறந்தகால வினையாலணையும் பெயரை ஏன் சூட்டினோம்?

ஒலியிலிருந்து தொடங்குவோம். கொள் என்பது கொண்டு ஆவதுபோல, ஆள் என்னும் வினையடியின் ளகரம் இறந்தகாலத்தில் ணகரமாகத் திரிந்து ஆண்டு என நிற்கும். யாண்டு என்பதிலிருந்து யகரம் உதிர்ந்து வந்த ஆண்டு, அதாவது வருடம், வேறு குடும்பத்துச் சொல். இரண்டையும் முடிச்சிட்டு விளையாடும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் விதி இடங்கொடுக்காது.

இனிப் பொருள். பெற்றவள், கட்டியவன், கற்றவர் ஆகிய பெயர்களைப் பாருங்கள். மூன்றும் இறந்தகாலமே. பெற்றது முடிந்தது, தாய்மை முடியவில்லை. தாலி கட்டியது ஒரு நாழிகை, கணவன் என்னும் உறவு வாழ்நாள் முழுதும். செயல் ஒருமுறை நடந்து உறவு நிலைத்துவிட்ட இடங்களில் தமிழ் இறந்தகாலத்தையே தேர்ந்துகொள்கிறது. ஆண்டவனும் இந்த வரிசைதான் என்பது என் துணிபு. அவன் நாட்டை ஆண்டவன் அல்லன், என்னை ஆண்டவன். சைவர் ஆட்கொள்ளுதல் என்று சொல்வது இதைத்தான். ஆள் என்னும் பெயர்ச்சொல்லுக்கு அடியான் என்றும் பொருள் உண்டு. அகராதிகள் பெயரையும் வினையையும் தனித்தனியே பதிந்தாலும் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அதனால்தான் சம்பந்தர் ஆளுடைய பிள்ளை, நாவுக்கரசர் ஆளுடைய அரசு, சுந்தரர் ஆளுடைய நம்பி ஆனார்கள். திருவில்லிபுத்தூர்க் கோதையோ பெண்பாலில் ஆண்டாள் ஆனாள். அரங்கனையே ஆண்டவள் என்று வைணவர் மகிழ்ந்து உரைப்பர்.

கடவுளுக்குரியவை என்று நாம் நினைக்கும் பெயர்களில் பல, முதலில் அரண்மனை வாசலில் நின்றவை. கோயில் அரசனின் இல்லம். பெருமாள் சேரருக்கும் பட்டம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரசன் இராசராசனும் உடையார், அவன் எடுப்பித்த கோயிலின் இறைவனும் உடையார். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவன் கடவுள். 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில் இறை என்பது மன்னன். இறை வரியையும் குறிக்கும் என்பதால், கோயிலுக்கு வரி நீக்கிக் கொடுத்த நிலத்தைக் கல்வெட்டுகள் இறையிலி என்கின்றன. இறைவனுடைய நிலத்துக்கு இறையிலி என்று பெயர் வைக்க நம் மொழியால்தான் முடியும்!

மன்னனைப் பார்த்துக் கடவுளைக் கற்பித்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அது பாதிதான். போன சொற்கள் திரும்பி வரவில்லையே! இன்று எந்த ஆட்சித் தலைவரையும் இறைவன் என்று எவரும் அழைப்பதில்லை. ஆள் என்னும் வேரிலிருந்து ஆளுநரையும் மாவட்ட ஆட்சியரையும் புதிதாக ஆக்கிக்கொண்டோமேயொழிய, ஆண்டவனை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மனிதன் முறை தவறி ஆளும்போது அவனுக்கு மேலே ஓர் ஆட்சி உண்டு என்று சொல்ல, மக்களுக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

இதைத் தன் உடம்பில் தாங்கிக் காட்டியவர் நாவுக்கரசர். திருவாமூரில் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். மருள் என்பது மயக்கம், தெளிவின்மை; மருள்நீக்கி என்பதே மருணீக்கி. ஆள் ஆண்டு ஆனபோது திரிந்த அதே ளகரம் இங்கும் ணகரத்துக்குள் மறைந்திருக்கிறது. மருளை நீக்கப் பெயர்பெற்றவர் சமணத்தில் தருமசேனர் ஆகி, சூலைநோயோடு தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு மீண்டு, நாவுக்கரசர் ஆனார். சமணத்தை விட்டதற்காகப் பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது, நாம் எவருக்கும் குடிகள் அல்லோம் என்று பதிகம் பாடி மறுத்தார். நீற்றறையில் 7 நாள், பிறகு நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடல் என்று பெரிய புராணத்தில் சேக்கிழார் தண்டனைகளை அடுக்குகிறார். சமணர்மேல் அவருக்கிருந்த பகையைக் கழித்துத்தான் அந்தப் பகுதியைப் படிக்கவேண்டும். கழித்த பின்னும் எஞ்சுவது, அரசனின் குடியாக மறுத்த ஒருவரை அரசு என்றே அழைத்த தமிழ். ஒருவனுக்கு ஆளாகிவிட்டவர் வேறெவனுக்கும் ஆளாக முடியாது என்பது அவருடைய கணக்கு.

பேச்சுவழக்கு இந்தப் பெயரை இன்னும் நுட்பமாகக் கையாள்கிறது. நடப்பது ஒன்றும் பிடிபடாதபோது "ஆண்டவனுக்கே வெளிச்சம்" என்கிறோம். எனக்கு இருட்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எங்கும் இருட்டு என்பதை மட்டும் ஏற்பதில்லை. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்னும் பழமொழியில் நின்று என்ற ஒரு வினையெச்சம், நீதி தாழ்வதற்கான காரணத்தைச் சொல்லாமல், தாழ்வதை மட்டும் சொல்லிவிடுகிறது. மன்னனிடம் செய்த முறையீடு கடவுளிடமும் செல்லும். இன்று அதே சொல் மேல்முறையீடாக நீதிமன்றத்திலும் உலவுகிறது.

சமய எல்லையும் இப்பெயருக்கு இல்லை. முருகன் பழனி ஆண்டவர். சாகுல் அமீது நாகூர் ஆண்டவர். கத்தோலிக்கர் ஆண்டவரே என்று வேண்ட, சீர்திருத்தச் சபையார் வடமொழியிலிருந்து வந்த கர்த்தர் என்னும் பெயரைப் போற்றினர். கர்த்தர் செய்பவர், ஆண்டவர் உடையவர். எனக்கு இரண்டாவதில் நெருக்கம் கூடுதலாகத் தெரிகிறது.

ஆனால் இதே வேரில் கசப்பான ஓர் உடன்பிறப்பும் உண்டு: ஆண்டை. பண்ணையாளர் நிலவுடைமையாளரை "ஆண்டே" என்று கைகட்டி அழைத்த சொல். எல்லாம் ஆண்டவன் செயல் என்று அடங்கியிருக்கச் சொன்ன வாய்களுக்கு இரண்டு சொல்லின் ஒலியொற்றுமையும் வசதியாக இருந்தது. கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனையில், பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியர் ஆண்டையாக வந்து, தில்லை காணத் தவித்த பண்ணையாள் நந்தனாரிடம், 40 வேலி நிலத்தையும் அறுத்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார். வயலில் ஓர் ஆண்டை, தில்லையில் ஓர் ஆண்டவன். நந்தனார் இரண்டாமவனையே தன்னை உடையவன் என்று கொண்டார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவர் பெற்ற பெயர் திருநாளைப்போவார். அடியவர் எதிர்காலத்தில் நிற்கிறார், ஆண்டவன் இறந்தகாலத்தில். இடையில் நிகழ்காலம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த ஆண்டே என்ற விளியை இன்று பழைய கதைகளிலும் அகராதியிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.