பரிசோதனை வண்டியான றெயில் பஸ்: மேற்கு ஜேர்மனியப் புகையிரதக் கட்டுப்பாடு பற்றிய ஒரு குறிப்பு

புகையிரத வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மெதுவாக ஓடிய எளிய வண்டியொன்றை இங்கு நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், தொழிலாளியைக் கண்காணிக்கும் கருவியை யார் கண்காணிப்பது என்ற வினாவை அது எழுப்புவதேயாகும்.

போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனியில் கிளைப்பாதைகள் நட்டத்தில் இயங்கின. அவற்றை மூடாது நடத்துவதற்கு மலிவான வண்டி தேவைப்பட்டது. இரண்டு அச்சுகளும் பஸ்ஸுக்குரிய டீசல் இயந்திரமும் கொண்ட ஊர்டிங்கன் றெயில் பஸ் 1950இல் இவ்வாறு தோன்றியது. வீ.ரீ. 98 வகையில் மட்டும் 329 இயந்திர வண்டிகள் கட்டப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் இவற்றுட் சில, சாரதி ஒருவரே நடத்தத்தக்கனவாக மாற்றப்பட்டு 796 என எண்பெற்றன. மலிவு என்பது ஈற்றில் ஆட்குறைப்பாகவே முடிந்தமை வியப்பன்று.

இவ்வண்டிகளுட் சில பிரயாணிகளை ஏற்றுவதை விடுத்து, 724 என்ற வகையெண்ணுடன் 'இண்டுசி' எனும் பாதுகாப்பு முறையைச் சோதிக்கும் அளவை வண்டிகளாயின. 1930களில் ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்த இம்முறையில், தண்டவாளத்தருகே பொருத்தப்படும் காந்தத்துக்கு மின்வலு எதுவும் வழங்கப்படுவதில்லை. ஓடும் வண்டியே 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் மீடிறன்களில் ஆடலோட்டத்தைத் தாங்கிச் செல்கிறது. சமிக்ஞை தடைகாட்டும்போது, அதே மீடிறனுக்கு இசைவாக்கப்பட்ட காந்தம் அவ்வோட்டத்தைத் தாழச் செய்யும். சமிக்ஞை வழிவிடும்போது காந்தத்தின் சுற்றுக் குறுக்கிணைக்கப்பட, எதுவும் நிகழாது. எச்சரிக்கை காட்டும் தூரச் சமிக்ஞையைக் கடந்த சாரதி, பழைய அமைப்பில், 4 செக்கனுக்குள் விழிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் வண்டி தானாகவே நிறுத்தப்படும்.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. பழுதடைந்த காந்தமும் மௌனம். வழிவிடும் காந்தமும் மௌனம். தூரச் சமிக்ஞையிலாயினும் கவனமுள்ள சாரதி குறையை உணரக்கூடும். ஆனால் நிறுத்தற் சமிக்ஞையின் 2000 ஹேர்ட்ஸ் காந்தம் சரியாக உள்ளதா என்பதை, விதியை மீறாத சாரதி ஒருபோதும் அறியமாட்டார். சாரதியின் தவறு அக்கணமே பதிவாகிறது. கருவியின் தவறோ, தேடிச் சென்று அளந்தாலன்றி வெளிப்படாது. அளவை வண்டியின் சமூக முக்கியத்துவம் இதிலேயே தங்கியுள்ளது. அதனை வெறும் தொழினுட்ப விநோதமாகக் காண்போர் இதனைத் தவறவிடுகின்றனர்.

இருப்பினும் அளப்பதற்குக் காந்தம் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டுமே! 2011 ஜனவரி 29இல், கிழக்கு ஜேர்மனியப் பகுதியான ஹோர்டோவ் அருகே, ஒற்றைப் பாதையில் சரக்கு வண்டியொன்று நிறுத்தற் சமிக்ஞையைக் கடந்து பிரயாணிகள் வண்டியுடன் மோதியது. 10 பேர் மாண்டனர். அவ்விடத்தில் வண்டியைத் தானாக நிறுத்தும் அமைப்பு இருக்கவில்லை. இதில் சட்டமீறலும் இருக்கவில்லை. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் அனுமதிக்கப்பட்ட பாதைகளுக்கே அன்றைய விதி அதனைப் பொதுவாகக் கட்டாயமாக்கியிருந்தது. எங்கே செலவிடுவது, எங்கே விடுவது என்பதைச் சாரதி தீர்மானிப்பதில்லை. 2012இல் விதி திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நீதிமன்றம் சரக்கு வண்டியின் சாரதிக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.