மீன்தொட்டியில் நீர்ச்செடி பெருக்கம் (மதுரை வட்டாரம்)

வீட்டு மீன்தொட்டியில் உயிருள்ள செடிகளைப் பெரும்பாலும் விதையின்றி, தண்டுத் துண்டு, ஓடுதண்டு, கிழங்கு ஆகியவற்றால் பெருக்கும் முறை. மதுரைச் சமவெளிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையிலும் வைகைப் பாசனத்திலும் நிரம்பி, கோடையில் வற்றுபவை. அங்கே வளரும் செடிகள் பூத்துக் காய்ப்பதை மட்டும் நம்பியிருப்பதில்லை. தொட்டி வைத்திருப்பவருக்கு அது நல்லதாகப் போயிற்று.

பள்ளி ஆய்வகத்தில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலுக்குள் வைக்கும் ஹைட்ரில்லாவை வளர்ப்பது மிக எளிது. சில கணுக்களோடு நறுக்கி மிதக்கவிட்டாலே வேர்விடும். 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகத்துக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன இச்செடி, ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. இத்தனைக்கும் அங்கே பரவியது பெண் செடி மட்டுமே. ஒரு விதைகூட இல்லாமல் துண்டாலும் கிழங்காலுமே பெருகியது. செரட்டோபில்லம் என்ற நீர்ச்செடிக்கு வேரே கிடையாது. துண்டைப் போட்டால் போதும்.

நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்னேரியாவில் ஆண், பெண் செடிகள் வேறு வேறு. ஆண்பூ அறுந்து மேலே வந்து மிதக்க, சுருள்காம்பில் எழும் பெண்பூ நீர்மட்டத்தில் அதைச் சந்திக்கும். பார்க்க அழகுதான், தொட்டியில் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தாய்ச்செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு மணலையொட்டிப் போய்க் குட்டி போடும். குட்டிக்கு நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்தபின் தண்டை வெட்டலாம். நடும்போது குருத்து மணலுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரையும் இச்செடி தாங்கும்.

ஔவையாரின் மூதுரை, வற்றிய குளத்தை விட்டுப் போகாத உறவுக்கு ஆம்பல், நெய்தலோடு கொட்டியையும் உவமை சொல்கிறது. கொட்டியின் கிழங்கு சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, தண்ணீர் வந்ததும் துளிர்க்கும். தொட்டியிலும் அது சில மாதம் தழைத்துவிட்டு இலையுதிர்ப்பதுண்டு. செத்துவிட்டதென்று தூக்கியெறிவது அவசரம். அழுத்திப் பார்த்துக் கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஈரமணலில் வைத்திருந்து மறுபடி நடலாம்.

கண்மாயிலிருந்து கொண்டுவரும் செடியில் இலைக்கடியில் கூழ்போல் ஒட்டியிருப்பது நத்தை முட்டை. தட்டானின் இளம்புழுவும் கூடவே வந்துவிடும். அது மீன்குஞ்சுகளைத் தின்னும். படிகாரம் கரைத்த நீரில் செடியை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் நடுவார்கள்.