வீட்டுக் கழிவு குறித்த மாணவர் ஆய்வு

வீடுகளில் அன்றாடம் சேரும் குப்பையை மாணவர்கள் தரம் பிரித்து, எடை போட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டறியும் களப்பணி. தமிழ்நாட்டில் இதற்கு முக்கிய மேடை, 1993இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. மாநிலத்தில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்தது. 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வழிகாட்டி ஆசிரியரோடு உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்வார்கள். அறிக்கையைத் தாய்மொழியிலேயே எழுதலாம். 2018-19ஆம் ஆண்டுக் கருப்பொருளின் கிளைத் தலைப்புகளில் ஒன்று, கழிவிலிருந்து செல்வம்.

செய்முறை எளிது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வகுத்த மூன்று வகைப்படி, அதாவது மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று, தனித்தனிப் பைகளில் வாங்கித் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு நாள் கணக்கு உதவாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் வெள்ளிக்கிழமைச் சாம்பாரும் ஒரே குப்பையைத் தருவதில்லை. அதனால் ஒரு வாரம் முழுக்க எடுப்பார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஏழு நாளில் 7 கிலோ சேர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 200 கிராம்.

பல ஆய்வுகள் கோட்டைவிடுவது, குப்பைத்தொட்டிக்கே வராத பொருளைத்தான். தென்காசி மாவட்டத்தின் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கும் திருவேங்கடம் போன்ற ஊரில், கழனித்தண்ணியும் காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போகும்; சிரட்டை அடுப்புக்கு, பழைய சேலை கைப்பிடித் துணிக்கு. பழைய இரும்பு, பிளாஸ்டிக் குடத்துக்குப் பேரீச்சம்பழமோ வெங்காயமோ கொடுத்துவிட்டு வாங்கிப் போக வியாபாரி தெருவிலேயே வருவார். இவற்றையும் நிறுக்காத அறிக்கை, அந்த வீட்டின் மறுபயன்பாட்டைப் பூஜ்யம் என்று எழுதிவிடும். மாறாக, ஷாம்பு உறையை வாங்க யாரும் வருவதில்லை.

நிறுத்துப் பார்க்காமல் வீட்டாரின் வாய்மொழிப் பதிலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1973இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே மாணவர்களைக் கொண்டு டூசான் நகரக் குப்பையைப் பிரித்துப் பார்த்தார். குடித்ததாக மக்கள் ஒப்புக்கொண்டதைவிட அதிகமான பீர் டப்பாக்கள் தொட்டியில் கிடந்தன.

சுற்றுலா ஊரில் இன்னொரு கவனமும் தேவை. குற்றாலத்தில் சாரல் சீசனில் அருவிக்கரையில் சேரும் சோப்பு உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் பயணிகள் விட்டுச் செல்பவை. அவற்றை உள்ளூர் வீடுகளின் கணக்கில் சேர்த்தால் தலைக்கு இத்தனை கிராம் என்ற எண்ணே பொய்யாகிவிடும். அங்கே ஆய்வு செய்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும்.